வேட்டையாடியோர் இட்ட வரம்பு

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பிற்பகல், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிச் சாலையில் ஒரு பெண் புறா இறந்தது. மார்த்தா என்பது அதற்கு இட்ட பெயர். இறந்த உடலைப் பெரியதொரு பனிக்கட்டிப் பாளத்தினுள் உறைய வைத்து, புகைவண்டி மூலம் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். கூண்டுப் புறா ஒன்றுக்கு இத்தனை மரியாதை ஏன் என்ற கேள்வி எழலாம். பயணிப்புறா என்ற இனத்தில் இவ்வுலகில் எஞ்சியிருந்த கடைசி உயிர் அது. அதன் மூச்சு நின்றதோடு ஓர் இனமே முடிந்தது.

வட அமெரிக்கக் கண்டத்தின் காட்டுயிர் வரலாற்றை நாம் இங்கே எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மாந்தர் கையால் நேர்ந்த மாபெரும் அழிவும், அதே மாந்தர் முயற்சியால் நடந்த மாபெரும் மீட்பும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டுக்குள் அங்கே அடுத்தடுத்து நிகழ்ந்தன. மீட்பு முயற்சியில் முன்னணியில் நின்றோர் பலரும் துப்பாக்கி ஏந்திய வேட்டைப் பிரியர்கள் என்பது முதலில் நம்மை வியக்க வைக்கும். கொல்பவனே எப்படிக் காவலன் ஆனான்? அந்தக் காவலுக்கான விலையைக் கொடுத்தவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முற்படுவோம்.

எண்ணற்றவை என்ற மயக்கம்

ஐரோப்பியர் குடியேறத் தொடங்கிய காலத்தில் பயணிப்புறாக்கள் 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கிப் பகுதியில் ஒரு கூட்டத்தைக் கண்ட பறவையியலார் அலெக்ஸாண்டர் வில்சன், அந்த ஒரு கூட்டத்தில் மட்டும் 200 கோடிக்கு மேற்பட்ட புறாக்கள் இருக்கும் என்று கணக்கிட்டார். பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் 1813-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லூயிவில் நகரை நோக்கிப் பயணம் செய்தபோது, புறாக்கள் நண்பகல் வெயிலையே மறைத்துக்கொண்டு பறந்தன என்றும், மூன்று நாட்கள் அவ்வோட்டம் ஓயவில்லை என்றும் எழுதி வைத்தார்.

இந்த மிகுதியே அப்பறவைக்குக் கூற்றாயிற்று. 1857-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநில மேலவையில் புறாக்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதை ஆராய்ந்த குழுவோ, இத்துணைப் பெருகிக் கிடக்கும் பறவைக்குச் சட்டத்தின் காவல் தேவையில்லை என்று அறிக்கை தந்து ஒதுங்கிக் கொண்டது. அன்றிலிருந்து 57 ஆண்டுகளில், அதே மாநிலத்தில்தான் கடைசிப் புறா கண்ணை மூடியது.

இடையில் நடந்தது என்ன? தந்தியும் இருப்புப்பாதையும் நாடெங்கும் பரவின. புறாக்கள் எந்தக் காட்டில் கூடு கட்டியிருக்கின்றன என்ற செய்தி தந்தியில் பறந்தது. வேட்டையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அடுத்த புகைவண்டியில் வந்து இறங்கினார்கள். வலை வீசிப் பிடித்தார்கள். மரங்களை வெட்டிச் சாய்த்துக் குஞ்சுகளைப் பொறுக்கினார்கள். பீப்பாய்களில் அடைத்து நியூயார்க், சிகாகோ சந்தைகளுக்கு ஏற்றினார்கள். 1878-இல் மிச்சிகன் மாநிலத்துப் பெட்டோஸ்கி என்ற ஊருக்கருகே நடந்த வேட்டையில், நாளொன்றுக்கு 50 ஆயிரம் புறாக்கள் என்ற அளவில் மாதக் கணக்கில் கொன்று குவித்தார்கள் என்பது அக்காலத்தவர் சொன்ன கணக்கு. அப்புறாவோ ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டை இடுவது. கோடிக் கணக்கில் கூடி வாழ்ந்தே பகையிடமிருந்து தப்பிப் பழகிய இனம். கூட்டம் கலைந்தபின், எஞ்சிய சில ஆயிரங்களால் இனத்தை மீட்க இயலவில்லை.

காட்டெருமையின் கதையும் இதற்கு உடன்பிறப்பே. கண்டத்தின் நடுவே விரிந்து கிடந்த பெரும் புல்வெளிகளில் மூன்று கோடி முதல் ஆறு கோடி வரை காட்டெருமைகள் மேய்ந்ததாகக் கூறுவர். 1869-ஆம் ஆண்டு மே திங்களில் கண்டத்தின் இரு பகுதிகளையும் இணைக்கும் இருப்புப்பாதை யூட்டா பகுதியில் முடிவு பெற்றது. 1871-ஐ ஒட்டி, காட்டெருமையின் முரட்டுத் தோலைப் பதனிடும் புதிய முறை கைவந்தது. தோல் தொழிலை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அதுவரை குளிர்காலத்து மயிரடர்ந்த தோல் மட்டுமே போர்வைக்கு விலை போயிற்று. இனி ஆண்டு முழுவதும் கிடைக்கும் தோலெல்லாம் ஆலைகளின் இயந்திர வார்களுக்குப் பயன்படும் சரக்காயிற்று. தோலை உரித்துக்கொண்டு இறைச்சியை அப்படியே வெயிலில் அழுக விட்டார்கள். 1870-களின் இறுதியில் தென்புல்வெளி மந்தை தீர்ந்தது. 1883-ஐ ஒட்டி வடபுல்வெளி மந்தையும் தீர்ந்தது. பின்னர் எலும்பையும் பொறுக்கி உர ஆலைகளுக்கு அனுப்பினார்கள்.

இவ்வழிவை எல்லாரும் கவலையோடு பார்த்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். செவ்விந்தியர் என்று நம் பழைய பாடநூல்கள் அழைத்து வந்த தொல்குடி மக்களுக்கு உணவும் உடையும் கூடாரமும் காட்டெருமைதான். அது தொலைந்தால் அவர்கள் தாமாக அடங்கி, அரசு ஒதுக்கும் நிலத்துக்குள் வந்து விடுவார்கள் என்று கருதிய அதிகாரிகள் பலர். 1874-இல் காட்டெருமையைக் காக்கும் சட்டமொன்றை அமெரிக்கப் பாராளுமன்றம் நிறைவேற்றியும், குடியரசுத் தலைவர் கிராண்ட் கையொப்பமிடாமல் வைத்துக்கொண்டதால் அது செத்துப் போயிற்று.

1886-இல் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்னடே என்பார், பாடம் செய்து வைப்பதற்காகக் காட்டெருமைகளைத் தேடி மான்டானா சென்றார். எஞ்சியிருந்த சிலவற்றையும் சுட்டுத்தான் கொண்டு வந்தார். இனி காண்பதற்கேனும் பாடம் செய்த உடல் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். 1889-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், கண்டம் முழுவதும் எஞ்சிய காட்டெருமைகள் 1,091 என்று கணக்குக் காட்டினார்.

வேட்டையாடுவோரில் இரு சாரார்

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மனங்கொள்ள வேண்டும். சந்தைக்காகக் கொன்றவர்கள் ஒரு சாரார். பொழுதுபோக்குக்காக வேட்டையாடியவர்கள் மற்றொரு சாரார். முன்னவர்க்கு விலங்கு ஒரு சரக்கு. பின்னவர்க்கோ, விலங்கு அடுத்த ஆண்டும் காட்டில் இருந்தால்தான் இன்பம். இந்தத் தன்னலத்திலிருந்துதான் காக்கும் எண்ணம் முளைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஜார்ஜ் பர்ட் கிரின்னல் என்பவர் காடும் ஆறும் வேட்டையும் மீன்பிடிப்பும் பேசும் 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்ற வார ஏட்டின் ஆசிரியர். தியோடோர் ரூஸ்வெல்ட் 1883-இல் டகோட்டாப் பகுதிக்குக் காட்டெருமை சுடச் சென்று, ஒன்றைச் சுட்டும் வந்தவர். அழிவின் அளவைக் கண்ணால் கண்ட இவ்விருவரும் 1887-ஆம் ஆண்டில் மற்ற நண்பர்களோடு சேர்ந்து 'பூன் அண்ட் கிராக்கெட்' என்ற வேட்டையாளர் கழகத்தை நிறுவினார்கள். விலங்குக்குத் தப்பிக்க வாய்ப்பளிக்காத வேட்டை இழிவு என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி. இன்ன பருவத்தில், இன்ன எண்ணிக்கைக்கு மேல், இன்ன முறையில் கொல்லலாகாது என்று வேட்டையாடுபவன் தன் கைக்குத் தானே விலங்கு பூட்டிக்கொள்ளும் கருத்து அது.

அந்நெறி சட்டமாவதற்கு ஒரு நிகழ்ச்சி உதவிற்று. 1872-இல் அமைந்த எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் விலங்கைக் கொன்றவனைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை; பிடித்து வெளியே துரத்தலாம், அவ்வளவே. 1894 மார்ச்சில், காட்டெருமைகளைக் கொன்று தோலுரித்துக் கொண்டிருந்த ஒருவனைப் பூங்காக் காவலர் பனிக்கிடையே கையும் களவுமாகப் பிடித்தார். கிரின்னலின் ஏட்டுக்கு எழுதும் செய்தியாளர் அப்போது பூங்காவிலேயே இருந்தார். செய்தி நாடெங்கும் பரவிக் கொதிப்பை உண்டாக்க, இரண்டே மாதங்களில், மே 7 அன்று, பூங்கா விலங்குகளைக் காக்கும் சட்டம் நிறைவேறிற்று. அதைக் கொண்டுவந்த அயோவா மாநில உறுப்பினர் ஜான் லேஸியே 1900-ஆம் ஆண்டில் மற்றொரு சட்டத்தையும் கொண்டுவந்தார். ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கையோ பறவையையோ வேறு மாநிலத்துக்கு ஏற்றிச் செல்வது குற்றம் என்றது அச்சட்டம். சந்தை வேட்டையின் உயிர்நாடி இருப்புப்பாதை. லேஸியின் சட்டம் அந்த நாடியில் கை வைத்தது.

தொப்பியில் ஏறிய இறகு

காவல் முயற்சி முழுவதும் ஆடவர் செய்தது என்று கொள்வது தவறாகும். அந்நாளில் மேல்தட்டுப் பெண்களின் தொப்பியில் இறகு செருகுவது நாகரிகம். வெண்கொக்கின் இனப்பெருக்கக் காலத்து மெல்லிறகுக்குப் பொன்னுக்கு நிகரான விலை. அந்த இறகு தோன்றும் காலமே கூட்டில் குஞ்சு இருக்கும் காலம். தாயைச் சுட்டால் குஞ்சு பசியால் சாகும். 1896-இல் பாஸ்டன் நகரத்து ஹேரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு பெண்மணிகள் தம்மைப்போன்ற செல்வக் குடும்பத்துப் பெண்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசி, இறகு அணிவதில்லை என்று உறுதி கொள்ளச் செய்தார்கள். மாசசூசெட்ஸ் ஆடுபன் சங்கம் இவ்வாறு பிறந்தது. வாங்குபவர் கை மடங்கினால் விற்பவர் கையும் மடங்கும் என்ற உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானபின், 1903 மார்ச் 14 அன்று ஃப்ளோரிடாவில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் பெலிக்கன் தீவைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தார். பதவி விட்டிறங்குவதற்குள் இத்தகைய 51 பறவைப் புகலிடங்களை அவர் ஏற்படுத்தினார். ஆனால் காகிதத்தில் எழுதிய ஆணையைக் காட்டில் நிலைநாட்ட ஆள் வேண்டுமல்லவா? ஃப்ளோரிடாவின் தென்கோடியில் கை பிராட்லி என்ற காவலர், இறகு வேட்டைக்காரர்களைப் பிடிக்கப் படகில் சென்றபோது, 1905 ஜூலை 8 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கொக்குகளுக்காக ஒரு மனிதன் உயிர் கொடுத்த செய்தி நாட்டை உலுக்கிற்று. 1916-இல் கனடாவுக்காகப் பிரிட்டனோடு வலசைப் பறவை உடன்படிக்கை ஏற்பட்டது; 1918-இல் அது சட்ட வடிவம் பெற்றது; 1920-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

துப்பாக்கிக்கு இட்ட தீர்வை

சட்டம் போட்டால் போதாது; நிலம் வாங்கவும் காவலருக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் வேண்டும். 1930-களில் கடும் வறட்சி நீர்நிலைகளை வற்ற வைத்தது. நாடே பொருளாதார நெருக்கடியில் தவித்தது. அந்நிலையில் 1934-இல் ஒரு சட்டம் வந்தது. வாத்து வேட்டைக்குச் செல்லும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்து முத்திரை வில்லை வாங்க வேண்டும். அப்பணம் நீர்நிலைகளைக் காக்கச் செல்லும். முதல் வில்லையின் படத்தை வரைந்தவர் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரரான 'டிங்' டார்லிங். இன்று 25 டாலருக்கு விற்கும் அவ்வில்லைகளின் வழியாக இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் திரண்டு, சுமார் 60 இலட்சம் ஏக்கர் நிலம் காவலுக்குள் வந்துள்ளது.

1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் இதனினும் பெரிது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த 11 விழுக்காட்டுத் தீர்வை வனவிலங்குப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்டு, மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இப்பணம் கிடைக்காது என்ற நிபந்தனையும் இருந்தது. தூண்டிலுக்கும் இத்தகைய சட்டம் 1950-இல் வந்தது. விளைவு கண்கூடு. 1900-ஐ ஒட்டிச் சுமார் ஐந்து இலட்சமாகக் குறைந்திருந்த வெண்வால் மான்கள் இன்று மூன்று கோடியளவில் உள்ளன. காட்டெருமைகளுள், காக்கும் நோக்கத்துக்காகவே பேணப்படும் மந்தைகளில் மட்டும் சுமார் 30 ஆயிரம் உள்ளன. பண்ணைகளில் இன்னும் சில இலட்சம். தம்மீது தாமே வரி கேட்டு வாங்கிக்கொண்ட கூட்டம் உலக வரலாற்றில் அரிது. இந்தப் பெருமையை வேட்டையாளர்களுக்கு அளிப்பதே முறை.

இரு கறைகள்

எனினும் பெருமையை மட்டும் பேசி முடித்தால் வரலாற்றுக்கு நாம் நேர்மை செய்தவராக மாட்டோம்.

முதற்கறை, எந்த விலங்கைக் காப்பது என்பதில் படிந்தது. மானைக் காக்க முனைந்தவர்களே ஓநாயை ஒழிக்க முனைந்தார்கள். மான் மனிதனின் வேட்டைப்பொருள். ஓநாய் அதற்குப் போட்டியாளன். அரசுச் சம்பளம் பெற்ற வேட்டைக்காரர்கள் நஞ்சும் பொறியும் வைத்துக் கொன்றார்கள். விலங்குகளின் புகலிடமான எல்லோஸ்டோன் பூங்காவிலேயே 1926-இல் கடைசி ஓநாய்களைக் கொன்று தீர்த்தார்கள். இளமையில் தாமும் ஓநாய்களைச் சுட்ட வனத்துறை அலுவலர் ஆல்டோ லியோபோல்ட், பின்னாளில் மனம் மாறினார். ஓநாயில்லா மலையில் மான்கள் பெருகித் தளிரையெல்லாம் தின்று தீர்த்து, இறுதியில் தாமே பட்டினியால் மடிவதை அவர் எடுத்துக்காட்டினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1949-இல், வெளியான 'எ சாண்ட் கவுண்டி அல்மனாக்' என்ற நூல், நிலமும் நீரும் செடியும் விலங்கும் சேர்ந்த ஒரே சமூகத்தில் மனிதனும் ஓர் உறுப்பினனே என்ற கருத்தை நாட்டிற்று. 1973-இல் அருகி வரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் வந்தது. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து எல்லோஸ்டோனில் விட்டார்கள். எழுபது ஆண்டுத் தவறு அவ்வாறு திருத்தம் பெற்றது.

இரண்டாவது கறை இதனினும் ஆழமானது. தனக்குத் தானே வரம்பிட்டுக்கொண்ட வேட்டையாளன், அதே வரம்பைப் பிறர் தலையிலும் ஏற்றினான். இன்பத்துக்காகச் சுடுபவனுக்குப் பருவக் கட்டுப்பாடு ஒரு சிறு தியாகம். இறைச்சியே உணவாகக் கொண்ட தொல்குடிக்கு அது பட்டினி. 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பானக் குடியினருக்கு, குடியேற்றமில்லாத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமை இருந்தது. அதை நம்பி 1895-இல் வயோமிங் மாநிலத்து ஜாக்சன் ஹோல் பகுதியில் மான் வேட்டையாடியவர்களை, மாநிலச் சட்டத்தை மீறினார்கள் என்று குடியேறிகள் துப்பாக்கி முனையில் சிறை பிடித்தார்கள்; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வயோமிங் தனி மாநிலமாகிவிட்டதால் உடன்படிக்கை உரிமை செல்லாது என்று 1896-இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பின் அடிப்படை தவறு என்று அதே நீதிமன்றம் க்ரோ குடியினர் ஒருவரின் வழக்கில் ஒப்புக்கொள்ள 2019 வரை, அதாவது 123 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

காட்டெருமையின் மீட்பிலும் இதே நிழல் விழுந்தது. மான்டானாவின் ஃப்ளாட்ஹெட் ஒதுக்கு நிலத்தில் வாழ்ந்த தொல்குடியினர், 1870-களில், எங்கும் அழிவு நடந்துகொண்டிருந்த வேளையில், சில கன்றுகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அவற்றை மிஷேல் பாப்லோ, சார்லஸ் அல்லார்ட் என்ற இருவர் வாங்கிப் பெருக்கி, நாட்டிலேயே பெரிய மந்தைகளுள் ஒன்றாக்கினார்கள். பின்னர் அரசு அவ்வொதுக்கு நிலத்தை வெளியாருக்குத் திறந்துவிட முடிவு செய்யவே, மேய்ச்சல் நிலம் இழந்த பாப்லோ தம் மந்தையைக் கனடாவுக்கு விற்றார். அப்பால் 1908-இல், அதே ஒதுக்கு நிலத்தின் நடுவே சுமார் 18 ஆயிரம் ஏக்கரைக் குடிமக்களின் இசைவின்றி எடுத்து, தேசியக் காட்டெருமைப் புகலிடம் அமைத்தார்கள். 1905-இல் ஹார்னடேயின் தலைமையில் தொடங்கிய அமெரிக்கக் காட்டெருமைச் சங்கம் நன்கொடை திரட்டி அங்கே விட்ட விலங்குகளுள் பெரும்பாலானவை, அத்தொல்குடியினர் காத்த கன்றுகளின் வழித்தோன்றல்களே. காத்தவன் கையிலிருந்த நிலத்தைப் பறித்து, அவன் காத்த விலங்கையே அங்கே விட்டு, காவலன் என்ற பெயரைத் தான் எடுத்துக்கொண்ட விந்தை இது. சாலிஷ், கூட்டனை மக்கள் இடைவிடாது வாதாடினார்கள். 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் வழியாக அந்நிலமும் மந்தைப் பொறுப்பும் அவர்களிடம் திரும்பின.

நாம் கொள்ள வேண்டிய கருத்து

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு தெளிவு பிறக்கிறது. எண்ணிலடங்காதவை என்று எண்ணிய புறாவும் எருமையும் 50 ஆண்டுகளில் எண்ணிவிடும் அளவுக்கு வந்தன. அளவில்லை என்ற நினைப்பே அளவை மீறும் துணிவைத் தந்தது. மீட்பு வந்தது, அனுபவிப்பவர்கள் தம் அனுபவத்துக்கு வரம்பு இட்டபோது. இறகை விரும்பிய பெண்மணி இறகை மறுத்தபோது. துப்பாக்கி வாங்கியவன் தீர்வை கட்டியபோது. தன்மேல் இட்டுக்கொண்ட வரம்பு உயிர்களைக் காத்தது. பிறர்மேல் மட்டும் இட்ட வரம்போ, காவல் என்ற பெயரிலேயே அநீதியாயிற்று.

இந்த ஏற்பாடு என்றும் நிலைக்குமா என்பதும் இன்று கேள்விக்குரியது. 1980-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் வேட்டையாடுவோர் தொகை குறைந்து வந்துள்ளது. 2016-இல் எடுத்த கணக்கில் அவர்கள் சுமார் 1 கோடியே 15 இலட்சம் பேர். துப்பாக்கித் தீர்வையின் பெரும்பகுதி இப்போது வேட்டையோடு தொடர்பில்லாத துப்பாக்கிகளிலிருந்து வருகிறது. மலையேறுவோரும் பறவை காண்போரும் படமெடுப்போரும் கோடிக் கணக்கில் பெருகியிருந்தும், வேட்டையாளர் கட்டுவது போன்ற தனித் தீர்வை எதையும் அவர்கள் நாடளவில் கட்டுவதில்லை. காட்டைக் கண்டு மகிழும் கண்ணுக்கும் ஒரு கடன் உண்டு. அக்கடனை அடைக்க அவர்கள் முன்வருவார்களா என்பதைப் பொறுத்தே, வேட்டையாடியோர் தொடங்கி வைத்த அந்த நற்பணி அடுத்த நூற்றாண்டைக் காணும்.